போர்க்கப்பல்கள் ஒளிந்த பவளத்தீவு

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் புறப்படும் தோணி நிற்கிறதென்றால் விடியலிலேயே தெரிந்துவிடும். வெங்காய மூட்டை, காய்கறிக் கூடை, செங்கல், சிமெண்டு என்று லாரி லாரியாக வந்து இறங்கும். மேல்தட்டில் நின்று, தோணியின் தலைவரான தண்டல் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். தென்மேற்குக் காற்று பலக்கும் மாதங்களில் தோணிகள் கரையிலேயே கிடக்கும். கடல் அடங்கியதும் மறுபடி மாலேக்குப் பாய் விரிக்கும். இந்த வழி இன்று நேற்று பிறந்ததல்ல. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளின் வரிசையில் கடல் நடுவிலுள்ள பன்னீராயிரம் பழந்தீவுகளையும், அதாவது மாலத்தீவையும், சேர்த்துச் சொல்கிறது. அங்கிருந்து வந்த மாசிக் கருவாடும் சோழியும் நம் கரைக்குப் பழக்கமான சரக்குகள்.

தோணி போய்ச் சேரும் மாலேயிலிருந்து தெற்கே இன்னும் 540 கிலோமீட்டர் போனால், நிலநடுக்கோட்டையும் தாண்டி, மாலத்தீவின் கடைசிப் பவளத்தீவுக் கூட்டம் வரும். அதன் பெயர் அட்டூ. தூத்துக்குடியிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று சென்னைப் பட்டணம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறிய நாட்களில், வங்கக் கடலையும் இந்துமாக்கடலையும் காக்க வேண்டிய பிரிட்டிஷ் கடற்படை மறைந்திருந்தது இந்தத் தீவுகளின் நடுவில்தான். பசிபிக்கில் மிட்வேயும் தராவாவும் போரால் உலகப் புகழ் பெற்றன. நமக்கு இத்தனை பக்கத்திலிருந்த அட்டூவை நம் பாடநூல் எதிலும் நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் சாத்தான்குளம். கடற்கரை ஊர் அல்ல. குதிரைமொழித் தேரியின் செம்மணலையும் பனங்காட்டையும் தாண்டிக் கிழக்கே போனால்தான் கடல். ஆனால் கடல் கடந்து போய்ப் பிழைப்பது இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து மாலத்தீவுப் பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். என் அக்காள் மாப்பிள்ளையும் அப்படிப் போனவர்தான். அட்டூவில் ஹித்ததூ தீவில் கணக்கு வாத்தியார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, பேச்சோடு பேச்சாக, "எங்க தீவுக்குப் பக்கத்துல ஒரு யுத்தக் கப்பல் முங்கிக் கெடக்கு மாப்ளே, எண்ணெய்க் கப்பலு. ஜெர்மன்காரன் அடிச்சதாம்" என்றார். ஜெர்மன்காரனுக்கு நிலநடுக்கோட்டில் என்ன வேலை என்ற கேள்விதான் என்னை அங்கே கொண்டுபோனது.

வானத்திலிருந்து தெரியும் வளையம்

திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானம் இருக்கிறது. இந்தியர்களுக்கு இறங்கிய இடத்திலேயே விசா தந்துவிடுகிறார்கள். மாலேயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்தால் அட்டூவின் கன் தீவு. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வழியின் பெரும்பகுதியில் கீழே பச்சையும் நீலமுமாக வளையங்கள் நகர்கின்றன. ஹுவதூ வளையத்தைத் தாண்டியதும் வெறுங்கடல். அந்த வெறுங்கடலில்தான் நிலநடுக்கோட்டைக் கடக்கிறோம். பிறகு தனித்து நிற்கும் ஃபுவஹ்முலா தீவு. அதற்கும் தெற்கே, இதய வடிவில் வளைந்த கரையோடு அட்டூ.

மேலிருந்து பார்த்தபோதே கடற்படைக்காரர்கள் இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்று விளங்கிவிட்டது. எரிமலைத் தீவொன்று காலப்போக்கில் கடலுக்குள் அமிழ, அதன் விளிம்பில் வளர்ந்த பவளம் மட்டும் மேல்நோக்கி வளர்ந்து வளையமாக நிற்கும். பவளத்தீவுக் கூட்டம் இப்படித்தான் உருவாகிறது என்று முதலில் விளக்கியவர் சார்லஸ் டார்வின். வளையத்துக்கு வெளியே பெருங்கடல் கொந்தளித்தாலும் உள்ளே கடற்காயல் அமைதியாக இருக்கும். அட்டூவின் காயல் பெரிய போர்க்கப்பல்கள் நங்கூரமிடும் அளவுக்கு ஆழமானது. உள்ளே நுழைய நான்கே நான்கு வாய்கள். நான்கையும் காத்தால் முழுக் காயலும் பத்திரம்.

மன்னார் வளைகுடாவில் நமக்கும் 21 பவளத்தீவுகள் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் அந்த வரிசைதான். ஆனால் அவை ஆழமற்ற பவளத் திட்டுகளின் மேல் மணல் சேர்ந்து உண்டானவை. முத்துச் சிப்பிக்கும் சங்குக்கும் மீனுக்கும் அந்த ஆழம் தாராளம். போர்க்கப்பல் அங்கே தரை தட்டிவிடும். நம் தீவுகள் போரிலிருந்து தப்பியதற்கு அவற்றின் ஆழமின்மையே காரணம் என்று சொல்லலாம்.

பெயரில்லாத துறைமுகம்

சிங்கப்பூர் விழுந்தால் கடற்படை எங்கே போவது என்ற கேள்வி 1941லேயே லண்டனில் எழுந்துவிட்டது. கொழும்பும் திருகோணமலையும் எல்லோரும் அறிந்த துறைமுகங்கள். எதிரி முதலில் தேடி வருவது அங்கேதான். எதிரியின் வரைபடத்தில் இல்லாத ஒரு தளம் வேண்டும். அட்டூ அப்படித்தான் தேர்வானது. இலங்கையிலிருந்து தென்மேற்கே சுமார் 600 கடல் மைல். வரைபடத்தில் புள்ளியாகக்கூடத் தெரியாத இடம். ரகசியக் காகிதங்களில் அதற்கு 'போர்ட் டி' என்று பெயர் வைத்தார்கள்.

1941ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் வந்து இறங்கினார்கள். தென்னைகளை வெட்டி, வாய்களைப் பார்த்தாற்போல் ஆறு அங்குலப் பீரங்கிகளை நிறுத்தினார்கள். கன், ஹித்ததூ, மீதூ, வில்லிங்கிலி ஆகிய தீவுகளில் பீரங்கி மேடைகள் எழுந்தன. நீர்மூழ்கிகள் நுழையாதபடி வாய்களின் குறுக்கே இரும்பு வலை கட்டினார்கள். பறக்கும் படகுகள் காயலில் இறங்கின. பிறகு கன் தீவில் ஓடுபாதையும் வந்தது.

எதிரியின் குண்டு விழுவதற்கு முன்பே காய்ச்சல் விழுந்தது. மலேரியாவும், புதர்ப் பூச்சி கடித்து வரும் டைபஸ் காய்ச்சலும் முகாம்களைப் படுக்க வைத்தன. சிறு கீறலும் ஆறாத புண்ணாகப் பழுத்தது. குடிநீர் அரிது, நிழல் குறைவு, கரையில் இறங்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ என்று கடற்படையினருக்கு அலுத்துப்போன ஒரு தளம் உண்டு. அட்டூவை 'தென்னை மரம் நிற்கும் ஸ்காப்பா ஃப்ளோ' என்று மாலுமிகள் பெயரிட்டுத் திட்டினார்கள்.

தீவு மக்களின் பாடு அதைவிடப் பெரிது. மாலத்தீவில் நெல் விளையாது. அரிசி பர்மாவிலிருந்தும் இலங்கை வழியாகவும் வர வேண்டும். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் போனதும், கடல்வழி ஆபத்தானதும், தீவுகளில் பஞ்சம் வந்துவிட்டது. அட்டூக்காரர்கள் சொந்த மரக்கலங்களில் மாசிக் கருவாடு ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் போய் அரிசியும் துணியும் வாங்கி வந்தவர்கள். அந்தப் பாதை அடைபட்டது. மாலத்தீவு முழுவதும் முதியவர்கள் அந்தக் காலத்தை இன்றும் பெரும்போர்க் காலம் என்றே சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது அதில் பீரங்கியும் கப்பலும் வருவதில்லை. இலையையும் கிழங்கையும் அவித்துத் தின்றதுதான் வருகிறது.

1942, ஈஸ்டர் ஞாயிறு

1942 மார்ச் கடைசியில் ஜப்பானின் துணை அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்துமாக்கடலுக்குள் நுழைந்தார். முந்தைய டிசம்பரில் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே படை. எதிரே நின்றவர் பிரிட்டிஷ் கீழைக் கடற்படையின் தளபதி அட்மிரல் சர் ஜேம்ஸ் சோமர்வில். அவரிடம் ஐந்து பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன. ஐந்தும் முதல் உலகப் போர்க் காலத்துப் பழங்கப்பல்கள். அவற்றில் நான்குக்கு வேகமும் இல்லை, நெடுநாள் கடலில் நிற்கத் தண்ணீர்ச் சேமிப்பும் இல்லை. விமானந்தாங்கிகள் மூன்று. நகுமோவின் விமானங்களோடு பகல் வெளிச்சத்தில் மோதினால் முழுக் கடற்படையும் போய்விடும் என்பதை சோமர்வில் அறிந்திருந்தார்.

ஏப்ரல் முதல் தேதியை ஒட்டித் தாக்குதல் வரும் என்று உளவுத் தகவல் சொன்னது. இலங்கைக்குத் தெற்கே சுற்றிச்சுற்றிக் காத்திருந்தார்கள். எதிரி வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் குறைய, ஏப்ரல் 2ஆம் தேதி இரவு கடற்படை அட்டூவை நோக்கித் திரும்பியது. 4ஆம் தேதி நண்பகலில் வந்து நங்கூரம் போட்டது. அன்று மாலையே, இலங்கைக்குத் தென்கிழக்கே ரோந்து போன ஒரு கேட்டலினா விமானம் ஜப்பானியப் படையைக் கண்டுவிட்டது. விமானி லெனர்ட் பர்ச்சல், கனடாக்காரர். தகவலை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் பிடிபட்டு, போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் இருந்தார்.

மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது குண்டு விழுந்தது. துறைமுகத்தில் ஜப்பானியர் தேடி வந்த பெரிய கப்பல்கள் இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து புறப்பட்டு, அட்டூவிலிருந்து வரும் கடற்படையோடு சேர விரைந்துகொண்டிருந்த டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் கண்டன. அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 424 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு பகலும் இரவும் தாண்டிக் கடலில் மிதந்து, பிறகு மீட்கப்பட்டார்கள். 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் 307 பேர் போனார்கள்.

சென்னையில் மக்கள் ஊரைக் காலி செய்தது இந்த நாட்களில்தான். மிருகக்காட்சி சாலையின் புலி, சிங்கங்களைக்கூட, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சுட்டுக் கொன்றார்கள். நம் கரையில் பரவிய அச்சம் அத்தனை பெரிது. கொழும்போடு கொடுக்கல் வாங்கலும் கொள்வினை கொடுப்பினையும் வைத்திருந்த தூத்துக்குடிக்கு அங்கே விழுந்த குண்டு அடுத்த வீட்டில் விழுந்த குண்டு.

நகுமோ கடைசிவரை அட்டூவைக் கண்டுபிடிக்கவில்லை. 8ஆம் தேதி சோமர்வில்லின் கடற்படை மறுபடி அங்கே வந்து எண்ணெய் நிரப்பிக்கொண்டு, ஒரு பகுதி கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசாவுக்கும் ஒரு பகுதி பம்பாய்க்கும் பிரிந்து போனது. அதாவது இந்தியாவின் கிழக்குக் கரை அப்போது காவலின்றிக் கிடந்தது. நகுமோவும் திரும்பிவிட்டார். இரண்டே மாதத்தில், 1942 ஜூனில், பசிபிக்கின் மிட்வே பவளத்தீவை ஒட்டி நடந்த சண்டையில் அமெரிக்க விமானங்கள் அவருடைய நான்கு விமானந்தாங்கிகளை மூழ்கடித்தன. கொழும்பின் மேல் விமானங்களை ஏவிய ஐந்தில் மூன்று, அகாகி, சோர்யு, ஹிர்யு, அங்கே அடியில் போயின. ஒரு பவளத்தீவு நகுமோவிடமிருந்து ஒரு கடற்படையை மறைத்தது. இன்னொரு பவளத்தீவின் அருகே அவருடைய படை முடிந்தது.

கன் தீவின் நினைவுச் சின்னம்

கன் சிறிய தீவு. ஓடுபாதை ஏறக்குறைய தீவின் நீளத்துக்கே ஓடுகிறது. விமானம் தரையைத் தொடும்போது இரண்டு பக்கமும் கடல். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மாலத்தீவின் மற்ற தீவுகளில் காணாத ஓர் ஒழுங்கு: நேரான தார்ச் சாலை, இரு மருங்கும் நிழல் மரம், தாழ்ந்த நீள நீளமான படைக் கொட்டகைகள். பிரிட்டிஷ் விமானப்படையினர் சாப்பிட்டுத் தூங்கிய கட்டடங்கள் இன்று 'ஈக்வேட்டர் வில்லேஜ்' என்ற விடுதி.

விடுதிக்குப் பக்கத்துச் சாலையில் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "இதத்தான் பாக்கணும்னியே" என்றார். இரண்டு பீரங்கிகள் காவல் நிற்க, நடுவே போர் நினைவுச் சின்னம். அட்டூவைக் காத்த படைப்பிரிவுகளின் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். வரிசையில் இந்தியப் படைப்பிரிவுகளும் இருக்கின்றன. பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் அமைத்த பீரங்கி மேடைகளைப் பிறகு பொறுப்பேற்றுக் காத்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. பீரங்கிக் குழலின் மேல் கை வைத்தேன். வெயிலில் கொதித்தது. உப்புக்காற்று தின்றுவிடாதபடி தடிமனாகப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். ஓரங்களில் அந்தப் பூச்சையும் மீறித் துரு தலைகாட்டியது. இந்தக் குழல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் நின்றவன் பஞ்சாபிலோ எல்லைப்புறத்திலோ கோதுமை வயலைவிட்டு வந்தவனாக இருப்பான். எதற்காக இங்கே நிற்கிறோம் என்று அவனிடம் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். தளமே ரகசியம் என்பதால் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் இருக்கும் இடத்தின் பெயரைக்கூட எழுத முடியாது. தன் நாடு அடிமையாக இருக்க, அடிமைப்படுத்தியவனின் கப்பலுக்குக் காவல் நின்றவன் அவன். அவனை நாம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மாலத்தீவுக்காரர்கள் அந்தச் சின்னத்தைப் பெயிண்ட் அடித்துப் பராமரிக்கிறார்கள்.

அடியில் கிடக்கும் எண்ணெய்க் கப்பல்

ஜெர்மன்காரனின் கதைக்கு வருகிறேன். 'பிரிட்டிஷ் லாயல்டி' 1928இல் கட்டப்பட்ட எண்ணெய்க் கப்பல். 7,000 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 1942 மே மாதம் மடகாஸ்கரின் டியேகோ சுவாரஸ் துறைமுகத்தில் ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியொன்று அதைத் தாக்கி மூழ்கடித்தது. தூக்கி நிறுத்தி, இழுத்து வந்து, அட்டூ காயலில் எண்ணெய்க் கிடங்காக நிறுத்தினார்கள். 1944 மார்ச் 9ஆம் தேதி, ஜப்பானியர் வசமிருந்த பினாங்கைத் தளமாகக் கொண்டு இயங்கிய யு-183 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, காயல் வாயின் வெளிப்புறம் வந்து நின்று, தடுப்பு வலையில் இருந்த இடைவெளி வழியாக ஒரு டார்ப்பிடோவை உள்ளே செலுத்தியது. அது நேராகப் பிரிட்டிஷ் லாயல்டியில் போய் மோதியது. கப்பல் முழுதாக அழியவில்லை. போர் முடிந்தபின், 1946 ஜனவரியில், பயனற்றது என்று முடிவு செய்து, ஹித்ததூவுக்கு எதிரே காயலுக்குள்ளேயே மூழ்கடித்துவிட்டார்கள். தாக்கிய யு-183 அதற்கு முன்பே, 1945 ஏப்ரலில், ஜாவாக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கியால் அழிக்கப்பட்டிருந்தது.

முக்குளிக்கும் குழுவோடு படகில் போனேன். காற்று உருளையோடு இறங்கப் பயிற்சி பெற்றவர்கள் கீழே போனார்கள். நான் கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு மேற்பரப்பில் மிதந்து பார்த்தேன். கப்பல் 33 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மேலெழுந்த விலாப்புறம் அதில் பாதி ஆழத்தில் இருக்கிறது. முதலில் வெறும் இருட்டாகத்தான் தெரிந்தது. கண் பழகியதும் அந்த இருட்டுக்கு ஓரம் கிடைத்தது. நேர்கோடாக நீண்டு போகும் ஓரம். கடலில் நேர்கோடு மனிதன் போட்டதாகத்தான் இருக்கும். அதன் மேல் பவளம் கொத்துக் கொத்தாக ஏறியிருந்தது. மஞ்சள் மீன் கூட்டமொன்று கப்பல் தகட்டுக்குள் புகுந்து வெளியே வந்தது. டார்ப்பிடோ போட்ட ஓட்டை பெரியது, அதன் வழியாக நீந்திப் போகலாம் என்று மேலே வந்தவர்கள் சொன்னார்கள்.

முத்துக்குளித்துறையிலிருந்து போனவன் என்பதால் எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கள் கரையில் பரதவர்கள் கல்லைக் காலில் கட்டி, மூச்சடக்கி இறங்கியது சிப்பிக்காக. 1955 முதல் 1961 வரை நடந்த வரிசைதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு. அதன்பின் முத்துச் சிப்பி விளையும் பார்கள் தேறவில்லை. பார் அழிந்ததற்குக் காரணம் பல. ஆனால் கடலடியில் மனிதன் போட்டதும் எடுத்ததும் தலைமுறை தாண்டியும் விளைவு காட்டும் என்பதை இரண்டு கடல்களும் ஒரே மாதிரிச் சொல்கின்றன. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றதில் நம் விலாங்குச்சல்லித் தீவும் பூவரசன்பட்டித் தீவும் நீருக்குள் போய்விட்டன. வான் தீவைக் காப்பாற்ற அதைச் சுற்றிச் செயற்கைப் பவளத் திட்டுகளை இறக்க வேண்டி வந்தது. அட்டூவின் காயலிலோ, மூழ்கிய கப்பலில் மிச்சமிருந்த எண்ணெய் போர் முடிந்து வெகுகாலம்வரை கசிந்துகொண்டிருந்தது.

வாடகைக்குப் போன தீவு

போர் முடிந்தும் அட்டூவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. இலங்கை சுதந்திரம் பெற்று, அங்கிருந்த பிரிட்டிஷ் தளங்களைக் காலி செய்யச் சொன்னதும், கன் தீவு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. ஆண்டுக்கு 2,000 பவுன் வாடகை, நூறாண்டுக் குத்தகை என்று பேசினார்கள். 1957இல் வேலை தொடங்கியது. கட்டுமானத்துக்குப் பாகிஸ்தானிலிருந்து கூலியாட்கள் வந்தார்கள். கன் தீவில் இருந்த மக்களைப் பக்கத்துத் தீவான ஃபேதூவுக்கு அனுப்பினார்கள். ஃபேதூவில் ஏற்கெனவே இருந்தவர்களை அதற்கடுத்த மரதூவுக்கு நகர்த்தினார்கள். இன்றும் மரதூவின் ஒரு பகுதி மரதூ-ஃபேதூ என்றே அழைக்கப்படுகிறது. ஓர் ஓடுபாதைக்காக இரண்டு ஊர் இடம்பெயர்ந்தது.

மரதூவில் ஒரு முதியவரை மாப்பிள்ளை அறிமுகம் செய்தார். இளம்வயதில் விமானப்படை முகாமில் அறைப் பையனாக வேலை பார்த்தவர். ஆங்கிலம் தெளிவாகப் பேசினார். தேங்காய்ப் பூவும் மாசியும் வெங்காயமும் பிசைந்த மஸ்ஹுனியையும் ரொட்டியையும் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "சம்பளம் தந்தார்கள், மருத்துவமனை தந்தார்கள். அதை மறுக்கமாட்டேன். ஆனால் என் தாத்தாவின் கபர் கன்னில் இருந்தது. அதன் மேல் இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது." அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் படகேறி ஹுள்ஹுமீதூவின் கோகன்னு இடுகாட்டுக்குப் போனேன். ஏறக்குறைய 900 ஆண்டு பழையது. பவளக்கல்லில் செதுக்கிய நடுகற்கள், ஆணுக்குக் கூர்முனை, பெண்ணுக்கு வளைமுனை. ஒரு கல்லின் விளிம்பில் ஓடிய கொடிவேலைப்பாடு மழையில் கரைந்தும் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. இத்தனை நூற்றாண்டு வேர் ஊன்றிய மக்களைத்தான் லண்டனின் காகிதங்கள் ஓடுபாதைக்கு இடைஞ்சலாகக் கணக்கிட்டன.

தளம் அரசியலையும் கிளறியது. தங்கள் வணிகத்தையும் பயணத்தையும் மாலே அரசு வரியாலும் தடையாலும் நெருக்குகிறது என்ற கோபம் தெற்கே பழையது. மாலேயில் ஆட்சி மாறி, புதிய பிரதமர் இப்ராகிம் நசீர் குத்தகையைத் திருத்தப் போகிறார் என்றதும் கோபம் வெடித்தது. 1959இல் அட்டூ, ஹுவதூ, ஃபுவஹ்முலா மூன்றும் சேர்ந்து சுவாதீவு ஒன்றியக் குடியரசு என்று தனிநாடு அறிவித்தன. அப்துல்லா அஃபீஃப் தீதி தலைவரானார். 1962இல் நசீர் ஆயுதப் படகோடு ஹுவதூவுக்கு வந்தார். தினதூ தீவின் மக்கள் வெளியேற்றப்பட்டு, வீடுகள் அழிக்கப்பட்டன. தங்கள் குத்தகை மாலேயோடு உறுதியானபின் பிரிட்டிஷார் குடியரசைக் கைவிட்டார்கள். 1963 செப்டம்பரில் அது முடிந்தது. அஃபீஃப் தீதி பிரிட்டிஷ் கப்பலில் சேஷல்ஸ் தீவுக்கு நாடு கடந்தார்.

1976 மார்ச்சில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. ஒரே நாளில் என்று சொல்லுமளவுக்குத் தீவின் வேலைவாய்ப்பு முழுவதும் போய்விட்டது. மறு ஆண்டு சோவியத் யூனியன் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்று கன்னைக் கேட்டது. மாலத்தீவு மறுத்துவிட்டது. கையில் காசில்லாத ஒரு சிறு நாடு அன்று எடுத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

யாரைக் கேட்டுக்கொண்டு?

கன் ஓய்ந்த இடத்தில் இன்னொரு பவளத்தீவு பிடித்துக்கொண்டது. அட்டூவுக்குத் தெற்கே 700 கிலோமீட்டருக்கும் அப்பால் டியேகோ கார்சியா. 1968க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டன் டியேகோ கார்சியாவை உள்ளடக்கிய சாகோஸ் தீவுகளின் மக்கள் அனைவரையும் மொரீஷியஸுக்கும் சேஷல்ஸுக்கும் வெளியேற்றிவிட்டு, அமெரிக்கப் படைத்தளத்துக்கு இடம் கொடுத்தது. 1946இல் பசிபிக்கின் பிகினி மக்களை அணுகுண்டுச் சோதனைக்காக வெளியேற்றியதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடில்லை. இதே டியேகோ கார்சியாவில் 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழ் அகதிகளின் படகொன்று போய்ச் சேர்ந்தது. கனடா போகப் புறப்பட்டவர்கள், படகு பழுதாகிக் கரை சேர்க்கப்பட்டு, மூன்று ஆண்டுக்கும் மேல் அந்தத் தளத்தின் கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2025 மே மாதம் சாகோஸை மொரீஷியஸிடம் ஒப்படைக்க பிரிட்டன் ஒப்பந்தம் செய்தது. டியேகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் தளமாகவே தொடரும் என்பது அதன் ஏற்பாடு.

அட்டூவில் இப்போது வந்திருப்பவர்கள் நாம். இந்தியக் கடனில் தீவுகளை இணைக்கும் பாலமும் சாலையும் வந்திருக்கின்றன. காயலின் ஒரு பகுதியை மணல் கொட்டி நிலமாக்கியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் இந்திய வெளியுறவு அமைச்சர் நேரில் வந்து திறந்துவைத்தார். கன்னில் இருந்த இந்திய ஹெலிகாப்டர் பல நோயாளிகளை மாலே மருத்துவமனைக்குத் தூக்கிப்போய்ப் பிழைக்க வைத்திருக்கிறது. ஆனாலும் 'இந்தியாவே வெளியேறு' என்ற குரல் எழுந்தது. 2024இல் இந்தியப் படையினர் விலகி, அவர்கள் இடத்தில் ராணுவம் சாராத தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். இதை நன்றிகெட்டதனம் என்று நம்மில் பலர் கொதித்தார்கள். அட்டூவின் எண்பது ஆண்டுக் கதையைத் தெரிந்துகொண்டபின் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. உதவி செய்ய வந்தவர்கள்தான் ஒவ்வொரு முறையும் தங்கிவிட்டார்கள். அந்த அனுபவம் உள்ளவர்கள் வருகிறவரைச் சந்தேகமாகப் பார்ப்பது இயல்பு.

அந்த நிலமீட்புக்காகக் காயலில் கொட்டிய மணல் பவளத்தை மூடும் என்று அங்குள்ள சூழலியல் ஆர்வலர்கள் எச்சரித்தார்கள். 2020இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. கடலிலிருந்து பெரும்பாலும் ஓர் ஆள் உயரம்கூட எழாத ஊருக்குப் பவளமே மதில். விலாங்குச்சல்லியைக் கண்முன்னே இழந்த கரையிலிருந்து போகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இந்தியா அங்கே கட்டுவதெல்லாம் அட்டூ மக்களைக் கேட்டு, அவர்கள் விரும்பியபடி, அவர்கள் கடலுக்குக் கேடில்லாமல் கட்டப்பட வேண்டும். ஒரு காலத்தில் கேட்காமல் அங்கே கொண்டுபோய் நிறுத்தப்பட்ட சிப்பாய்கள் நம் நாட்டவர்கள். கேட்காமல் செய்வதன் வலி நமக்கும் தெரியும்.

மாலத்தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலேயோடும் ஒரு ரிசார்ட்டோடும் திரும்பிவிடாதீர்கள். தெற்கே கன்னுக்கு ஒரு விமானம் ஏறுங்கள். நினைவுச் சின்னத்தின் முன் சற்று நேரம் நில்லுங்கள். மரதூவிலோ ஃபேதூவிலோ ஒரு முதியவரிடம், உங்கள் குடும்பம் முன்பு எந்தத் தீவில் இருந்தது என்று கேளுங்கள். அட்டூவின் போர்க்கால வரலாறு நூலகத்தில் இருப்பதைவிட அவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.